மலிவான துல்லியம்: லேசர் வழிகாட்டும் விமான றொக்கெற்றுகள் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேரழிவு ஆயுதங்களையே முதன்மைப்படுத்துவர். அணுகுண்டும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையும் பெற்ற கவனத்தைச் சிறிய ஆயுதங்கள் பெற்றதில்லை. ஆயினும், கடந்த அரை நூற்றாண்டில் நடைபெற்ற போர்களில் நாளாந்தம் பயன்பட்டவையும், போரின் நடைமுறையை மாற்றியவையும் அளவிற் சிறியனவும் விலையிற் குறைந்தனவுமான ஆயுதங்களே. அத்தகைய ஒன்று, இராணுவ விமானங்களிலும் ஹெலிகொப்டர்களிலும் இருந்து ஏவப்படும் 70 மில்லிமீற்றர் லேசர் வழிகாட்டல் றொக்கெற் ஆகும். இதன் தொழில்நுட்ப அடிப்படையை விளக்குவதும், “மலிவு”, “துல்லியம்” என இதனோடு சேர்த்துப் பேசப்படும் இரு சொற்களின் சமூகப் பொருளை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. பழைய றொக்கெற்றும் அதன் குறைபாடும்

போர்க்கருவி என்ற வகையில் றொக்கெற் மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர்ப் படைகள் இரும்புக் குழாயிற் செய்த றொக்கெற்றுகளை ஆங்கிலேயருக்கு எதிராகப் பயன்படுத்தின. 1780 இல் காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள பொள்ளிலூரில் கேணல் பெய்லியின் படை அழிக்கப்பட்டபோது வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தமை தோல்விக்கு ஒரு காரணமெனக் கூறப்படும். 1799 இல் சிறீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட மைசூர் றொக்கெற்றுகள், வில்லியம் கொங்கிறீவ் தமது றொக்கெற்றை உருவாக்கத் தூண்டுதலாயின. பீரங்கியைக் காட்டிலும் இலேசானது, செய்வதற்கு மலிவானது, பின்னுதைப்பு அற்றது என்பன அதன் சிறப்புகள். எங்கே விழும் என்று உறுதியாகச் சொல்லவியலாமை அதன் பெருங்குறை. பீரங்கிக் குழாயின் உட்புறத்திற் சுரிவரி வெட்டும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்னேற்றமடைந்ததும் போர்க்களத்தில் றொக்கெற் மதிப்பிழந்தமைக்கு இக்குறையே காரணம்.

இரண்டாம் உலகப் போரில் றொக்கெற் மீண்டும் தலையெடுத்தது. பின்னுதைப்பு இல்லாமையால், பெரிய பீரங்கியைத் தாங்கமாட்டாத விமானமும் அதற்கு ஈடான வெடிபொருளை றொக்கெற் மூலம் வீச முடிந்தது. போர் முடிந்தபின் 1940களின் இறுதியில் அமெரிக்கர் 2.75 அங்குல, அதாவது 70 மில்லிமீற்றர், விட்டமுடைய மடியும் சிறகுகள் கொண்ட றொக்கெற் ஒன்றை உருவாக்கினர். எதிரியின் குண்டுவீச்சு விமானங்களை நோக்கி ஒரே வேளையிற் பலவற்றை ஏவுவதே அதன் முதல் நோக்கமாக இருந்தது.

அந்த நம்பிக்கை எத்தகையது என்பதை 1956 ஆகஸ்ட் 16 ஆம் தேதிச் சம்பவம் காட்டிற்று. கலிபோர்னியாவில் வானொலி மூலம் இயக்கப்பட்ட ஆளில்லாப் பயிற்சி விமானம் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரத் திசையிற் பறக்கலாயிற்று. அதனை வீழ்த்த அனுப்பப்பட்ட இரு எப்-89 ரக ஜெற் விமானங்கள் தம்மிடமிருந்த 208 றொக்கெற்றுகளையும் ஏவித் தீர்த்தன. ஒன்றேனும் இலக்கை வீழ்த்தவில்லை. ஆளில்லா விமானம் எரிபொருள் தீர்ந்து பாம்டேல் அருகே தானாகவே விழுந்தது. தவறிய றொக்கெற்றுகளோ நிலத்தில் வீழ்ந்து புதர்க்காடுகளிலே தீ மூட்டி, குடியிருப்புகளுக்கும் சேதம் விளைத்தன.

இதற்குப் பௌதிகவியல் காரணங்கள் உள. பீரங்கிக் குண்டு குழாயை விட்டு வெளியேறும்போதே முழு வேகத்தைப் பெற்றுவிடுகிறது. றொக்கெற்றோ ஏவுகுழாயை விட்டு நீங்கிய பின்னரே படிப்படியாக வேகம் பெறுகிறது. மெதுவாகச் செல்லும் அந்த முதற்கணங்களில் காற்று, ஹெலிகொப்டரின் சுழல்விசிறி கீழ்நோக்கித் தள்ளும் காற்றோட்டம், உந்துவிசை நடு அச்சிலிருந்து சிறிதளவு விலகுதல் ஆகிய ஒவ்வொன்றும் அதனைத் திசைதிருப்பும். ஏவும் திசையில் அரைப் பாகை வழு ஏற்பட்டால் 3,000 மீற்றர் தூரத்தில் அது ஏறத்தாழ 26 மீற்றர் விலகலாகிவிடும். எனவே ஒன்றுக்குப் பதிலாக ஏழு, பத்தொன்பது எனக் கட்டுக்கட்டாக ஏவி, பரப்பொன்றை மூடுவதே வழக்கமாயிற்று. வியட்நாமில் இவ்வகை றொக்கெற்றுகள் பெருந்தொகையாகப் பயன்படுத்தப்பட்டன. பரப்பை மூடும் ஆயுதம் அப்பரப்பில் இருப்போர் யாவர் என்று வேறுபாடு பார்ப்பதில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2. லேசர் வழிகாட்டலின் அடிப்படை

1960 இல் தியடோர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். பத்தாண்டு கழியுமுன்னரே அது படைக்கலத் துறையிற் புகுந்தது. 1968 இல் வியட்நாமில் லேசர் வழிகாட்டும் குண்டுகள் முதன்முதலாகப் போர்க்களச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. வட வியட்நாமின் தான்ஹோவா பாலத்தின் கதை இம்மாற்றத்தைத் தெளிவாக்கும். 1965 ஏப்ரல் 3 இல் 79 அமெரிக்க விமானங்கள் பங்குகொண்ட தாக்குதலின் பின்னரும் அப்பாலம் வீழவில்லை. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் பல விமானங்களும் விமானிகளும் அங்கு பலியாயினர். 1972 மே 13 இல் லேசர் வழிகாட்டும் குண்டுகளே அதன் ஒரு பகுதியைத் தகர்த்துப் பயனற்றதாக்கின.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. விமானத்திலோ தரையிலோ உள்ள ஒருவர் இலக்கின்மீது லேசர்க் கதிரைச் செலுத்துகிறார். இதற்குப் பொதுவாகப் பயன்படுவது 1,064 நானோமீற்றர் அலைநீளமுடைய செந்நிறக்கீழ்க் கதிர், கண்ணுக்குப் புலப்படாதது. இக்கதிர் தொடர்ச்சியாக அன்றி, வினாடிக்குப் பத்து முதல் இருபது வரையிலான துடிப்புகளாகச் செல்லும். இலக்கிற் பட்ட ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அச்சிதறலின் ஒரு சிறு பகுதி ஏவுகணையின் ஒளியுணரியை அடைகிறது. உணரி நான்கு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒளிப்புள்ளி நடுவில் விழுந்தால் நான்கு கூறுகளும் சமமான மின்குறிப்பைத் தரும். வலப்புறம் சாய்ந்தால் வலக்கூறுகள் கூடிய குறிப்பைத் தரும். இந்த வேறுபாட்டை அளந்து, சிறகுகளைத் திருப்பி, வேறுபாடு மறையும்வரை திசையைத் திருத்துவதே வழிகாட்டல் எனப்படுவது. துடிப்புகளுக்கிடையேயுள்ள இடைவெளி ஒரு குறியீடாகவும் பயன்படுகிறது. தனக்குரிய குறியீட்டை மட்டுமே உணரி ஏற்பதால், ஒரே களத்திற் பல லேசர்கள் இயங்கினும் ஒன்று மற்றொன்றைக் குழப்புவதில்லை.

இம்முறையின் வரையறைகளும் இவ்விளக்கத்திலேயே அடங்கியுள்ளன. ஏவுகணை சென்று சேரும்வரை இலக்கு ஒளியூட்டப்பட வேண்டும். ஒளியூட்டுபவருக்கும் இலக்குக்கும் இடையே தடை இருத்தலாகாது. முகில், புகை, புழுதி ஆகியன ஒளியைச் சிதறடித்து ஏமாற்றும். கதிர் எங்கே காட்டப்படுகிறதோ அங்கேயே ஆயுதம் செல்லும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

3. இடையிற் செருகப்பட்ட உறுப்பு

லேசர் வழிகாட்டல் நீண்டகாலம் பெரிய ஆயுதங்களுக்கே உரியதாயிருந்தது. ஹெல்பயர் ஏவுகணை 45 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. தாங்கியை அழிப்பதற்கென வடிவமைக்கப்பட்ட அதன் விலை ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. ஆப்கானித்தானிலும் ஈராக்கிலும் நடந்த போர்களில் இலக்குகள் பெரும்பாலும் தாங்கிகளாக இருக்கவில்லை. ஒரு வாகனம், ஒரு மண்வீடு, சில மனிதர் என்றவாறு அமைந்தன. வழிகாட்டலற்ற றொக்கெற்றுக்கும் ஹெல்பயருக்கும் இடைப்பட்ட ஓர் ஆயுதம் வேண்டுமென அமெரிக்கப் படைத்துறை கருதியமைக்கு இதுவே சூழல்.

கிடங்குகளிற் குவிந்திருந்த 70 மில்லிமீற்றர் றொக்கெற்றுகளுக்கே வழிகாட்டல் வழங்குவது எண்ணமாயிருந்தது. முதல் முயற்சி சோதனைகளில் எதிர்பார்த்த பயனைத் தராமையால் 2005 இல் கைவிடப்பட்டது. 2006 இல் பிஏஈ சிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தெரிவு செய்யப்பட்டது. தரைப்படை நிதியொதுக்க மறுத்தபின் 2008 இல் கடற்படை திட்டத்தைப் பொறுப்பேற்றது. 2012 இல் அமெரிக்க மரைன் படையின் ஹெலிகொப்டர்கள் ஆப்கானித்தானில் இதனை முதன்முதலாகப் போரிற் பயன்படுத்தின. பின்னர் 2016 முதல் ஹரியர், எப்-16 முதலிய விமானங்களும் இதனைத் தாங்கலாயின.

வடிவமைப்பின் சிறப்பு அதன் சிக்கனத்திலேயே தங்கியுள்ளது. வழக்கமாக வழிகாட்டும் கருவி ஏவுகணையின் மூக்கில் அமையும். இங்கோ அது வெடிமுனைக்கும் உந்துபொறிக்கும் இடையிலே செருகப்படும் ஒரு தனி உறுப்பாகும். களத்திலேயே வெடிமுனையைக் கழற்றி, இவ்வுறுப்பைத் திருகிப் பூட்டி, வெடிமுனையை மீண்டும் பொருத்தலாம். பழைய வெடிமுனை, பழைய உந்துபொறி, பழைய விமானம் யாவும் பயன்படுகின்றன. புதியது நடுவில் உள்ள உறுப்பு ஒன்றே. இதனால் றொக்கெற் முன்னையதிலும் ஏறத்தாழ அரை மீற்றர் நீளுகிறது. மொத்த நிறை ஏறத்தாழ 15 கிலோகிராம் ஆகிறது.

ஆனால், நடுப்பகுதியில் இருக்கும் கருவி முன்னால் உள்ளதை எவ்வாறு காணும்? இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடையே வடிவமைப்பின் நுட்பம். மடிந்திருந்து, ஏவிய பின் விரியும் நான்கு சிறகுகளின் முன்விளிம்பிலே ஒளியை ஏற்கும் கண்கள் வைக்கப்பட்டுள்ளன. நான்கு கண்களும் பெறும் ஒளியின் வேறுபாட்டிலிருந்து திசை கணிக்கப்படுகிறது. அதே சிறகுகள் அசைந்து திசையையும் திருத்துகின்றன. இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. ஒரே கூட்டிலிருந்து ஏழு அல்லது பத்தொன்பது றொக்கெற்றுகள் அடுத்தடுத்து ஏவப்படும்போது, முன்னே செல்வதன் புகையும் கரியும் அயலில் உள்ளவற்றின் மூக்கிற் படியும். மூக்கிலே கண் இருந்தால் அது மாசடையும். சிறகுகள் மடிந்திருக்கும்வரை இக்கண்கள் உடலுள் மறைந்திருப்பதால் அக்கேடு நேர்வதில்லை.

ஹெலிகொப்டரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றரும், உயரப் பறக்கும் விமானத்திலிருந்து 11 கிலோமீற்றர் வரையும் இது செல்லும். ஒளிப்புள்ளியிலிருந்து விலகல் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு உட்பட்டது. வெடிமுனை பொதுவாகப் பத்து இறாத்தல் வகையினது. வழிகாட்டும் உறுப்பின் விலை இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் டொலர் வரையென மதிப்பிடப்படுகிறது. பழைய றொக்கெற்றின் விலை சில ஆயிரம் டொலரே. துருக்கியின் சிரித், பெல்ஜியத்திலே தயாராகும் எப்.ஸெட். 275 என்பனவும் இவ்வகைப்பட்டனவே. எனவே இதனை ஒரு நாட்டின் தனிச்சொத்தாகக் கருதுதல் பொருந்தாது.

4. மலிவின் பொருளியல்

ஓர் ஆயுதம் “மலிவானது” எனப்படும்போது, எதனோடு ஒப்பிட்டு என்ற வினா எழவேண்டும். முப்பதாயிரம் டொலர் உலகின் பெரும்பாலான தொழிலாளரின் பல ஆண்டு உழைப்புக்குச் சமமானது. ஆகவே இங்கு மலிவு என்பது ஏனைய ஆயுதங்களோடு ஒப்பிட்ட மலிவேயாகும்.

இவ்வொப்பீடு 2020களில் புதிய முக்கியத்துவம் பெற்றது. இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் டொலர் வரை மதிப்பிடப்படும் ஈரானிய வகை ஆளில்லா விமானங்களைப் பல இலட்சம் டொலர் பெறுமதியான ஏவுகணைகளால் வீழ்த்த வேண்டிய நிலை ஏற்பட்டது. விமானங்களிலிருந்து ஏவப்படும் சைட்வைண்டர் ஏவுகணையின் புதிய வகை நான்கு இலட்சம் டொலருக்கு மேற்பட்டது; அம்ராம் ஏவுகணை ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் பெறும். தாக்குபவனிலும் தடுப்பவன் பன்மடங்கு செலவிடும் போரைச் செல்வந்த அரசும் நெடுநாள் நடத்தவியலாது. 2019 டிசம்பரில் எப்-16 விமானம் ஒன்று சோதனையொன்றிலே இந்த றொக்கெற்றினாற் சிறிய ஆளில்லா விமானத்தை வீழ்த்திற்று. பின்னர் செங்கடற் பகுதியில் ஹூதிகள் ஏவிய ஆளில்லா விமானங்களுக்கு எதிராக அமெரிக்க விமானங்கள் இதனைப் பயன்படுத்தியமை 2025 இல் வெளியாயிற்று. தரை வாகனங்களிற் பொருத்தப்பட்ட வடிவில் இது உக்ரேனுக்கும் வழங்கப்பட்டது. 1940களின் இறுதியில் வான்வழி இலக்கை வீழ்த்தவென உருவாகி, 1956 இல் 208 முறை தவறிய அதே 70 மில்லிமீற்றர் றொக்கெற், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் தன் முதல் நோக்கத்துக்கே திரும்பியுள்ளது. நகரொன்றின் மின்நிலையத்தை நோக்கி வரும் ஆளில்லா விமானத்தைத் தடுப்பதில் இதற்குள்ள பயனை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் மலிவு செலவைக் குறைக்கும் என்ற முடிவு இயல்பாக வருவதன்று. 2025 இல் 55,000 வரையிலான வழிகாட்டும் உறுப்புகளுக்கென ஏறத்தாழ 170 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் பிஏஈ நிறுவனத்துடன் செய்யப்பட்டது. தனி ஆயுதத்தின் விலை குறையக் குறைய, வாங்கப்படும் தொகையும் பயன்படுத்தப்படும் சந்தர்ப்பங்களும் பெருகுகின்றன. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரங்கள் நிலக்கரி நுகர்வைக் குறைக்காது கூட்டின எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொருளியலறிஞர் ஜெவன்ஸ் காட்டிய முரண்பாடு இங்கும் பொருந்துவதாகும். ஹெல்பயரைச் செலவிடத் தகுதியற்றது எனத் தளபதி முன்னர் விட்டுவிடக்கூடிய இலக்கு, இப்போது தகுதியுள்ளதாகிவிடுகிறது. பெரிய குண்டினால் அயலவர் மடிவர் என்பதற்காகத் தவிர்க்கப்பட்ட இடமும், சிறிய வெடிமுனை கிடைத்ததும் தாக்கத்தக்கதாகிறது. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு தாக்குதலிலும் சேதம் குறையலாம். தாக்குதல்களின் தொகை கூடும்போது மொத்தச் சேதமும் குறையும் என்று உறுதி கூறவியலாது.

5. துல்லியம் எதனது?

துல்லியம் என்ற சொல்லை மூன்று நிலைகளிற் பிரித்து நோக்குதல் பயனுடைத்து. காட்டப்பட்ட புள்ளியை ஆயுதம் அடைதல் முதலாவது. காட்டப்பட்ட புள்ளி சரியானதாயிருத்தல் இரண்டாவது. அப்புள்ளியைத் தாக்குதல் நியாயமானதாயிருத்தல் மூன்றாவது. லேசர் தீர்ப்பது முதலாவதை மட்டுமே.

இதற்கு வரலாறு தரும் சான்றுகள் கொடியவை. 1991 பெப்ரவரி 13 இல் பக்தாத்தின் அமிரியா புகலிடத்தை இரு லேசர் வழிகாட்டும் குண்டுகள் தாக்கின. அவை குறிதவறவில்லை. அக்கட்டடம் இராணுவக் கட்டளை நிலையமெனத் தாக்கியோர் கூறினர். அதனுள் மடிந்தவரோ குண்டுவீச்சுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த பொதுமக்கள் 400க்கும் மேற்பட்டோர். 2021 ஆகஸ்ட் 29 இல் காபூலில் ஒரு வாகனம் பல மணிநேரம் வானிலிருந்து கண்காணிக்கப்பட்டு ஹெல்பயர் ஏவுகணையால் தாக்கப்பட்டது. அதுவும் குறிதவறவில்லை. இறந்தவர் பத்துப் பேரும் பொதுமக்கள். அவர்களுள் எழுவர் சிறுவர். உதவி நிறுவனமொன்றின் ஊழியரைக் குண்டுதாரி எனக் கருதியமை தவறு என அமெரிக்கப் படைத்துறை செப்டெம்பர் 17 இல் ஒப்புக்கொண்டது. எனினும் எவருக்கும் தண்டனை வழங்கப்படுவதில்லை என அவ்வாண்டு டிசம்பரில் முடிவாயிற்று. இவ்விரு தாக்குதல்களிலும் பயன்பட்டது 70 மில்லிமீற்றர் றொக்கெற் அன்று. வழிகாட்டும் முறையோ ஒன்றே. அம்முறையினாற் பிழையைத் தடுக்க முடியாதென்பதே இவற்றாற் பெறப்படுவது.

சட்டமும் இப்பிரிவினையை முற்றாகக் கருத்திற் கொண்டுள்ளது எனக் கூற முடியாது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறை, பொதுமக்களுக்கும் போராளிகளுக்கும் இடையே வேறுபாடு காணுமாறும், தாக்குமுன் இயலக்கூடிய முன்னெச்சரிக்கைகளை எடுக்குமாறும் விதிக்கிறது. துல்லியமான ஆயுதம் இக்கடமையை நிறைவேற்ற உதவும் என்பது உண்மை. அதே வேளை, அத்தகைய ஆயுதத்தை ஏந்தியிருப்பதே கடமை நிறைவேறியதற்குச் சான்றாகக் காட்டப்படும் அபாயமும் உண்டு. லேசர் தொடர்பான சர்வதேச விதியிலும் இத்தகைய குறுக்கம் காணப்படுகிறது. 1995 இல் நிறைவேறிய நெறிமுறை, நிரந்தரமாகக் கண்ணைக் குருடாக்கவென வடிவமைக்கப்பட்ட லேசர் ஆயுதங்களைத் தடைசெய்கிறது. வழிகாட்டும் லேசர் தற்செயலாகக் கண்ணைக் கெடுப்பின் அது அத்தடைக்குள் அடங்காது.

முன்னைய றொக்கெற் தவறியபோது தவறு கருவியினுடையது எனச் சொல்ல முடிந்தது. காற்றையும் தூரத்தையும் குறைகூற இடமிருந்தது. வழிகாட்டும் றொக்கெற்றிலோ அந்த இடம் மிகவும் சுருங்கிவிட்டது. ஒளி காட்டியவர், இலக்கைத் தெரிந்தவர், தெரிவுக்கான தகவலைத் தந்தவர், அனுமதி வழங்கியவர் என்ற மனிதச் சங்கிலியே பொறுப்பை ஏற்க வேண்டியதாகிறது. தொழில்நுட்பம் முன்னேற முன்னேற மனிதப் பொறுப்புக் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. ஆனால் நடைமுறையில் நிகழ்வது இதற்கு எதிர்மாறானது. துல்லியத்தின் பெயரால் விசாரணை தவிர்க்கப்படுகிறது.

முடிவுரை

பழைய றொக்கெற் ஒன்றின் நடுவே சிறிய உறுப்பொன்றைச் செருகி, கிடங்கிற் கிடந்ததைப் புதிய ஆயுதமாக்கிய பொறியியல் திறன் வியக்கத்தக்கது. பரப்பை மூடி எரித்த பழைய முறையிலும், ஒரு புள்ளியை மட்டும் தாக்கும் முறை மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் புள்ளியைத் தெரிவது விஞ்ஞானத்தின் செயலன்று. அது அரசியலின் செயல். ஆகவே இத்தகைய ஆயுதங்களைப் பற்றி எழுப்பப்பட வேண்டிய வினாக்கள் எத்தனை மீற்றர், எத்தனை டொலர் என்பவற்றோடு நின்றுவிடலாகாது. தாக்கப்பட்டவர் யார், தெரிந்தவர் யார், பிழை நேர்ந்தபோது பொறுப்பேற்றவர் யார் என்ற வினாக்களுக்கு ஒவ்வொரு அரசும் வெளிப்படையாக விடையிறுக்க வேண்டும். அவ்விடையைக் கேட்டுப் பெறும் உரிமை, ஒளிப்புள்ளி படும் நிலத்தில் வாழும் மக்களுக்கே முதலில் உரியது.